கூண்டில்லாப் பூங்காவும் நம் கோயில் காடும்

பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் ஒன்றுகூடிப் பிற ஊர்களுக்குச் சென்று, கண்டும் கேட்டும் கற்று வருவது நல்ல வழக்கம். அணைக்கட்டு, விதைப் பண்ணை, பால் பண்ணை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றை இவ்வாறு பார்த்து வந்தவர்கள் பலர். ஆனால், "விலங்குப் பூங்கா ஒன்றையும் பார்த்து வாருங்கள்" என்று சொன்னால், அது பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய வேடிக்கை அல்லவா என்று கேட்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து விவசாயியோ இதற்கும் மேலே சென்று, "மயிலையும் மானையும் பார்க்க நான் ஏன் சென்னைக்குப் போக வேண்டும்? அவைதாம் என் கடலைக் கொல்லைக்கே வந்துவிடுகின்றனவே!" என்று சொல்லக்கூடும்.

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விதைத்த கடலையை மயில் கிளறித் தின்றுவிட்டால் அந்த நட்டம் விவசாயியினுடையதே. ஆயினும், அந்த மயில் ஏன் கொல்லைக்கு வந்தது, அது கொல்லைக்கு வராமல் இருக்க அதற்கு வேறு எங்கே என்ன வேண்டும் என்பதை அறிந்துகொள்ள, விலங்குகளுக்கு வேண்டியதையெல்லாம் மனிதன் தன் கையால் அமைத்துக் கொடுத்திருக்கும் ஓர் இடத்தைப் பார்ப்பது மிகவும் பயன் தரும். அத்தகைய இடங்களுள் நமக்கு எளிதில் எட்டுவது வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா.

கம்பிக் கூண்டிலிருந்து அகழிக்கு

சென்னையில் மிருகக்காட்சிசாலை ஏற்பட்டது 1855-ஆம் ஆண்டில். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்போர் என்பவர், கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளைப் பெற்று, அருங்காட்சியகத்திலேயே அதனைத் தொடங்கினார். பின்னர் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. முதியோர் பலர் தம் இளமையில் கண்டது இந்தக் காட்சிசாலையையே. அங்கே இரும்புக் கம்பிக்குள் சிங்கமும் புலியும் நாளெல்லாம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கும். நகரம் வளர வளர இடம் நெருக்கடியாயிற்று. வண்டிகளின் இரைச்சலும் புகையும் பெருகின.

ஆகையால் நகருக்கு வெளியே வண்டலூர்க் காப்புக் காட்டில் புதிய பூங்கா அமைக்க முடிவு செய்யப்பட்டது. 1979-இல் வேலை தொடங்கியது. 1985-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.இராமச்சந்திரன் அதனைத் திறந்து வைத்தார். இன்று அதன் பரப்பு சுமார் 602 ஹெக்டேர். ஏறத்தாழ 1,490 ஏக்கர். நம் நாட்டின் பெரிய உயிரியல் பூங்காக்களுள் இதுவும் ஒன்று.

அந்த நிலம் தொடக்கத்தில் முட்புதர் மண்டிய வறண்ட பூமியாகவே இருந்தது. பூங்காவின் பணியாளரும் அண்டை ஊர் மக்களும் அக்கம்பக்கத்தில் விதைகளைச் சேகரித்து வந்து விதைத்துப் பேணியதால்தான் அங்கே காடு உண்டாயிற்று. வண்டலூரின் நிழல் பெருமளவு கிராம மக்களின் கைகளால் விளைந்த நிழல் என்பதை நாம் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

கூண்டை நீக்கி விலங்குகளைத் திறந்த வெளியில் வைக்கும் முறையை உலகுக்குக் காட்டியவர் கார்ல் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானியர். 1907-இல் ஹாம்பர்க் நகரின் அருகே அவர் திறந்த பூங்காவில் கம்பிக்குப் பதிலாக அகழிகள் வெட்டப்பட்டன. 1959-இல் திறக்கப்பட்ட டில்லி மிருகக்காட்சிசாலையும், 1963-இல் திறக்கப்பட்ட ஐதராபாத் பூங்காவும் இம்முறையைத் தழுவியவை. நம் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்றவர்கள், அங்கே 1973-இல் மண்டாயில் திறக்கப்பட்ட பூங்காவிலும் இதே அமைப்பைப் பார்த்திருப்பார்கள்.

உள்ளே கவனிக்க வேண்டியவை

பூங்காவில் விலங்கைக் கண்டவுடன் அதன் அழகைப் பார்ப்பது இயல்பு. கற்க வருபவர் அதன் இருப்பிடத்தையும் பார்க்க வேண்டும். நான்கு பொருள்களைக் குறிப்பாகக் கவனித்தல் நலம்.

முதலாவது, எல்லை. விலங்கு உலவும் நிலம் மெல்லச் சரிந்து அகழிக்குள் இறங்கும். பார்வையாளர் நிற்கும் பக்கத்திலோ அகழியின் சுவர் செங்குத்தாக உயர்ந்திருக்கும். விலங்கு அகழியில் இறங்கினாலும் தன் பக்கம் ஏறிக்கொள்ளலாம். நம் பக்கம் ஏற இயலாது. திருமயம் கோட்டையைச் சுற்றி முற்காலத்தில் அமைந்திருந்த அகழி பகைவரை வெளியே நிறுத்துவதற்காக வெட்டியது. இங்கே உள்ள அகழியோ விலங்கை உள்ளேயும் நம்மை வெளியேயும் நிறுத்தி, இருவரையும் காக்கிறது.

இரண்டாவது, தொலைவு. ஒவ்வொரு விலங்கும் மனிதனை இவ்வளவு தூரம்தான் நெருங்க விடும். அதற்கு மேல் நெருங்கினால் ஓடும், ஓட வழியில்லாவிட்டால் தாக்கும். சுவிட்சர்லாந்து நாட்டு விலங்கியலாரான ஹெய்னி ஹெடிகர் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நம் வயலிலும் இதனைக் காணலாம். உழவு மாட்டின் பின்னே இரை பொறுக்கும் கொக்கு, ஏர் பிடிப்பவரைக் கண்டு அஞ்சுவதில்லை. அயலார் ஒருவர் வரப்பில் ஏறினால் உடனே எழுந்து பறந்துவிடும். திறந்தவெளிப் பூங்காவில் விலங்குக்குப் போதிய தொலைவு கிடைக்கிறது. அதனால் அது அமைதியாகப் படுத்திருக்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. சிங்கங்களும் மான்களும் தனித்தனியே உலவும் பரந்த பகுதிகள் அங்கே உண்டு; அங்கே பார்வையாளர் வண்டிக்குள் அடைந்திருக்க, விலங்குகள் வெளியே திரியும். மாலையானதும் சிங்கங்கள் இரவுக் கொட்டிலுக்குத் திரும்பும். உணவு அங்கே வைக்கப்படும்.

மூன்றாவது, மறைவு. மானுக்குப் புதரும், குரங்குக்கு மரமும், முதலைக்கு நீரும் மணல் மேடும், இரவில் விழிக்கும் உயிர்களுக்கு இருளும் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வாழும் சிங்கவால் குரங்குக்கு உயர்ந்த கிளை இல்லையேல் வாழ்வில்லை. மறைவிடம் இருக்கும் அடைப்பில் விலங்கு சில வேளை நம் கண்ணில் படாது. அதற்காகக் கல்லெறிவதும் கூச்சலிடுவதும் தகாது. ஒளிந்துகொள்ள உரிமையுள்ள விலங்கே நலமாக இருக்கும் விலங்கு.

நான்காவது, நீரும் உணவும். பூங்காவுக்குள் ஓட்டேரி ஏரி இருக்கிறது. மழை பெய்து ஏரி நிறைந்த ஆண்டுகளில் நீர்ப்பறவைகள் தாமாகவே வந்து தங்குகின்றன. அவற்றை எவரும் பிடித்து வரவில்லை. நீரும் மரமும் இருந்தமையால் வந்தன. பூங்காவின் மற்ற எல்லா விலங்குகளுக்கும் மனிதர் உணவிட, இப்பறவைகள் மட்டும் தம் உணவைத் தாமே தேடிக்கொள்கின்றன. ஏரிக்கரையில் சற்று நின்று இந்த வேறுபாட்டைச் சிந்திப்பது நம் பயணத்தின் முக்கிய பாடமாகும்.

புலியின் வேலையை மனிதன் செய்யும்போது

இயற்கைக் காட்டில் மானின் தொகையைப் புலியும் செந்நாயும் கட்டுப்படுத்தும். பூங்காவில் மானையும் புலியையும் பிரித்தே வைக்க வேண்டியிருப்பதால், புலி செய்ய வேண்டிய வேலை மனிதன் தலையில் விழுகிறது. மான்கள் பெருகினால் அடைப்பிலுள்ள புல்லும் இளங்கன்றுகளும் அழிந்து தரை மொட்டையாகும். அளவுக்கு மிஞ்சிய ஆடுகளை ஒரே மேய்ச்சல் நிலத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்த நம் விவசாயிக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே எண்ணிக்கை எடுப்பது, பிரித்து வைப்பது, தீவனம் வெட்டிப் போடுவது, நோய் பார்ப்பது, சாணம் அள்ளுவது என்று வேலை ஓயாமல் நடைபெறுகிறது.

இவ்வளவு செய்தும் இயற்கையின் சோதனைகள் வரத்தான் செய்கின்றன. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலில் பூங்காவின் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முப்பது ஆண்டு வளர்த்த நிழல் ஒரே நாளில் போயிற்று; மீண்டும் நட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. 2021 ஜூன் மாதத்தில் அங்கிருந்த சிங்கங்களுக்குக் கொரோனா நோய் தொற்றியது. அவற்றுள் இரண்டு இறந்தன. மனிதரிடையே பரவிய நோய் விலங்குக்கும் செல்லும் என்பதை நாடே அப்போது உணர்ந்தது. அதுபோலவே நம் மாடுகளின் கோமாரி நோய் காட்டிலுள்ள மானுக்கும் செல்லக்கூடும். காலத்தில் தடுப்பூசி போடுவது நம் தொழுவத்தைக் காப்பதோடு, அடுத்துள்ள காட்டையும் காக்கும்.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. மறைவு, நீர், தொலைவு ஆகிய மூன்றையும் புதிதாக உண்டாக்குவதற்குப் பெரும் பொருளும், பல ஆண்டுகளும், நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் வேண்டும். இவை மூன்றும் முன்னோர் விட்டுச் சென்ற செல்வமாக நம் ஊரிலேயே இருக்குமானால், அவற்றை அழியவிடுவது எத்தகைய அறியாமை!

வழியில் ஒரு படிப்பு

பேருந்தில் திருச்சி வழியாக வண்டலூர் செல்வோர் செங்கற்பட்டை அடையும் முன்னர், நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி வேடந்தாங்கலையும் பார்த்து வரலாம். நவம்பர் முதல் மார்ச் வரையில் பறவைகள் மிகுந்திருக்கும். அங்கே சுவரும் இல்லை, அகழியும் இல்லை. ஊர் ஏரியின் நீர்க்கடம்ப மரங்களில் ஆயிரமாயிரம் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கும்.

அந்தப் பறவைகளைக் காத்தவர்கள் அவ்வூர் விவசாயிகளே. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். வேட்டைக்கு வந்த வெள்ளைச் சிப்பாய்களை எதிர்த்து முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். பறவைக்கு இடம், வயலுக்கு உரம் என்று இரு பக்கமும் பயன் கண்ட ஏற்பாடு இது.

இன்னும் அண்மையில் உள்ள சான்று வேட்டங்குடி. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே உள்ள இக்கண்மாய் 1977 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்து வருகிறது. அதனை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அடைகாக்கும் பறவைகள் அஞ்சக்கூடாது என்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் ஊரார் தாமே செய்துகொண்ட கட்டுப்பாடு இது.

நம் மாவட்டத்தின் நிலை

இனி நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தான காலத்தில் சில காடுகள் வேட்டைக்கென்று காக்கப்பட்டு வந்தன. 1948-இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்த பின்னர் அவை அரசின் காடுகளாயின. அவற்றுள் பல இடங்களில் பிற்காலத்தில் தைலமரம் பயிரிடப்பட்டது. தைலமரம் காகிதத் தொழிலுக்கு வேண்டியதே. ஆனால் அந்தத் தோப்பில் மயில் தின்னப் பழமில்லை; மான் மேயப் புல்லும் குறைவு. தோப்பைச் சுற்றிக் கரை போடுவதால் மழைநீர் கண்மாய்க்கு வந்து சேர்வதில்லை என்றும் விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். ஆகவே உணவும் நீரும் தேடும் விலங்கு ஊரை நோக்கி நடப்பதில் வியப்பில்லை.

எஞ்சியிருப்பவை கோயில் காடுகள். ஐயனாருக்கும் காளிக்கும் கருப்பருக்கும் உரியவை என்று நம் முன்னோர் கோடரி படாமல் காத்த காடுகள் இவை. குளமங்கலம் ஐயனார் கோயிலில் ஓங்கி நிற்கும் குதிரைச் சிலையை மாசி மகத்தன்று காகித மாலைகளால் மூடி வழிபடுவதை அறியாதார் இம்மாவட்டத்தில் குறைவு. குதிரைகளைச் சூழ்ந்து மரங்களும் நின்றால்தான் ஐயனார் கோயிலுக்கு முழு அழகு. இக்காடுகளில் உள்ள பாலை, வீரை, காயா, நாவல் முதலிய மரங்கள் ஆண்டு முழுதும் இலையுதிராமல் பசுமையாக நிற்பவை. கோடையைத் தாங்கும் இத்தகைய உலர் பசுமைக் காடு நம் கடற்கரைப் பகுதிக்கே சிறப்பாக உரியது. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையில் வெளிமான்களுக்கு நிழல் தருவதும் இதே வகைக் காடுதான்.

ஒரு கோயில் காடு விவசாயிக்கு என்ன தருகிறது என்று கணக்குப் பார்ப்போம். பொந்துள்ள பழைய மரத்தில் ஆந்தையும் கூகையும் தங்குகின்றன. அவை இரவெல்லாம் வயல் எலியைப் பிடிக்கின்றன. அடர்ந்த புதரில் குறுநரி வாழ்கிறது; அது எலியையும் தின்னும், தரையில் இடப்பட்ட மயில் முட்டையையும் தின்னும். மயில் பெருகியதற்குக் குறுநரி குறைந்தது ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். பூங்காவில் மனிதன் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை இங்கே குறுநரி கூலியில்லாமல் செய்துவந்தது. காட்டின் சருகு மழைநீரை நிலத்துக்குள் இறக்கிக் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் அனுப்புகிறது. இக்காட்டை வெட்டினால் குறுநரி போய்விடும். மயிலோ வயலையே வீடாகக் கொள்ளும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கன

1. ஊரிலுள்ள கோயில் காடு, கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றின் எல்லையை அளந்து கல் நடச் செய்தல். எல்லை தெரியாத காடு ஆண்டுக்கு ஒரு முழம் குறையும்.

2. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். ஊரின் மரம், செடி, பறவை, விலங்கு அனைத்தையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது இக்குழுவின் கடமை. ஊர்ப் பெரியவர்களும், ஆடு மேய்ப்போரும், பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து இதனைச் செய்யலாம்.

3. கோடையில் காட்டின் உட்புறத்திலோ ஓரத்திலோ ஊருணி அல்லது தொட்டியில் நீர் நிற்க ஏற்பாடு செய்தல். தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் புள்ளிமானை நாய்கள் குதறுவதும், அது மொட்டைக் கிணற்றில் விழுவதும் இதனால் குறையும். காட்டோரக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவது மானுக்கு மட்டுமன்றி நம் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

4. காட்டின் வெற்றிடங்களில் பாலை, வீரை, நாவல் போன்ற உள்ளூர் மரங்களின் விதைகளை அந்தக் காட்டிலேயே பொறுக்கி, நாற்று விட்டு நடுதல். வண்டலூரில் அண்டை ஊர் மக்கள் செய்தது இதுவே. ஊரக வேலைத் திட்டப் பணிகளோடு இதனை இணைக்க முடியுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறியலாம்.

5. மயிலுக்கு நஞ்சிட்ட தானியம் வைப்பதையும், வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதையும் ஊரில் அறவே தடுத்தல். மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை; 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. அதனைக் கொல்வது சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். மின்வேலியோ மானைக் கொல்வதற்கு முன் மனிதனையே கொன்றுவிடும். பயிருக்குச் சேதம் நேர்ந்தால் தாமதமின்றி வனத்துறையிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்து மூலம் தெரிவித்து இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதே முறை. இவ்விண்ணப்பத்தை எழுத இயலாதவருக்கு எழுதிக் கொடுப்பது பஞ்சாயத்து உறுப்பினரின் தொண்டாகும்.

பயணம் செல்வோர் கவனத்துக்கு

வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதுக்கோட்டையிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டால் காலையில் தாம்பரத்தை அடையலாம். அங்கிருந்து வண்டலூர் அருகிலேயே உள்ளது. வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். ஆகவே காலையிலேயே உள்ளே செல்லுங்கள். முழுதும் சுற்றப் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். நடக்க இயலாத முதியோருக்கு வண்டி வசதி உண்டு. விலங்குகளுக்குத் தின்பண்டம் எதுவும் போடலாகாது. பிளாஸ்டிக் பையை விழுங்கிய மான் நம் ஊர்ப் பசுவைப் போலவே வேதனைப்பட்டுச் சாகும்.

திரும்பியதும் கிராம சபையில் விவாதிக்கச் சில வினாக்கள்:

நம் ஊர்க் கோயில் காட்டின் பரப்பு முன்பு எவ்வளவு? இன்று எவ்வளவு?

கோடையில் அங்கே நீர் எத்தனை மாதம் நிற்கிறது?

கடைசியாக நம் ஊரில் குறுநரி ஊளையிட்டதைக் கேட்டது எப்போது?

மூன்றாவது வினா வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு ஊரார் சொல்லும் விடையில், கடலைக் கொல்லைக்கு மயில் வந்த காரணமும் அடங்கியிருக்கக்கூடும்.

வண்டலூரில் அகழியும் கொட்டிலும் அமைத்து, ஆட்களை நியமித்து, அரசு ஒரு காட்டை உண்டாக்கிக் காக்கிறது. நம் ஊரில் ஐயனாரின் பெயரைச் சொல்லியே முன்னோர் ஒரு காட்டைக் காத்து நம்மிடம் ஒப்படைத்தார்கள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இங்கே இருப்பதைக் காப்போமாக.